1,400 பேருக்குக் குறைந்த செலவில் செய்திமடல்: ஸ்பாமுக்குள் போகாமல் அனுப்புவது எப்படி?

கொழுந்துக்கூடை | ஹட்டன்

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இரண்டு வருடமாக, இரண்டு கிழமைக்கு ஒருமுறை மின்னஞ்சலில் ஒரு செய்திமடல் அனுப்பி வருகிறேன். வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும் ஆட்சேர்ப்பு அறிவித்தல்கள், கல்வியியற் கல்லூரி விண்ணப்பம், புலமைப்பரிசில், தொழிற்பயிற்சி நெறிகள் என்று எங்கள் பிள்ளைகளுக்கு உதவக்கூடியதை எல்லாம் தமிழில் சுருக்கி, முடிவுத் திகதியோடு கொடுப்பேன். யாரிடமும் காசு வாங்குவதில்லை.

80 பேரோடு தொடங்கியது. இப்போது பட்டியலில் 1,400 முகவரிகள். என் சொந்த இலவசக் கணக்கில், மறைநகல் பெட்டியில் முகவரிகளைப் போட்டு, நாளுக்கு 470 பேர் என்று மூன்று நாளில் அனுப்பி முடிப்பேன். போன மாதம் இரண்டாம் நாளே கணக்கு முடங்கிவிட்டது. ஒரு நாள் முழுக்க யாருக்கும் எதுவும் அனுப்ப முடியவில்லை. அதைவிடக் கவலை, போய்ச் சேர்ந்தவையும் பலருக்கு ஸ்பாம் பெட்டிக்குள்தான் கிடந்திருக்கின்றன. பொகவந்தலாவைப் பிள்ளை ஒருத்தி, முடிவுத் திகதி போய் ஆறு நாள் கழித்து எனக்கு அழைத்து, "டீச்சர், இந்தமுறை மடல் வரவே இல்லையே" என்றாள். ஸ்பாம் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அங்கே இருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு எனக்கு நித்திரை சரியாக இல்லை.

மாதம் 1,500 ரூபாய் வரை என் கையிலிருந்து போட முடியும். என்ன செய்யலாம்?

ஊவாத்தம்பி | பண்டாரவளை

டீச்சர், முடங்கிய காரணத்தை முதலில் சொல்கிறேன். இலவசக் கணக்குகள் ஆளுக்கு ஆள் கடிதம் எழுதுவதற்காகக் கொடுக்கப்படுபவை. எல்லாவற்றுக்கும் ஒரு நாள் எல்லை உண்டு. ஜிமெயிலில் அது 500 பேர். கடைசி 24 மணிநேரத்தில் எத்தனை போனது என்றுதான் எண்ணுவார்கள். முதல் நாள் இரவு 470, மறுநாள் பின்னேரம் 470 என்றால் எல்லை தாண்டிவிடும்.

ஸ்பாம் விஷயம் வேறு. அதற்கு உங்களுக்கென்று ஒரு டொமைன், அதாவது சொந்த இணையப் பெயர், வேண்டும். இலவச முகவரியை "அனுப்புநர்" இடத்தில் வைத்துக்கொண்டு வேறு சேவை வழியாக மொத்தமாக அனுப்பினால், அந்த முகவரியின் சொந்தக்காரர் நீங்கள் இல்லை என்பதால் சோதனையில் தோற்றுவிடும்.

சோதனை மூன்று. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மூன்றும் டொமைனின் டிஎன்எஸ் பக்கத்தில், அதாவது அந்தப் பெயருக்கான விவரங்களை எழுதி வைக்கும் இடத்தில், ஒட்டும் வரிகள்தான். தேயிலைத் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தூளை ஏற்றிச் செல்ல இன்னின்ன லொறிக்குத்தான் அனுமதி என்று கேட்டில் எழுதி வைப்பது எஸ்பிஎஃப். மூட்டையில் தோட்டத்தின் மார்க்கைக் குத்தி, வழியில் யாரும் பிரிக்கவில்லை என்று காட்டுவது டிகிம். இரண்டும் பொருந்தாத மூட்டை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று வாங்குபவருக்குச் சொல்லி வைப்பது டிமார்க்.

2024 பெப்ரவரியில் இருந்து கூகுளும் யாஹூவும் இதைக் கட்டாயமாக்கிவிட்டன. நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். மைக்ரோசொஃப்ட் 2025 மே மாதம் அவுட்லுக்கிலும் அதே மாதிரி கொண்டுவந்தது. நீங்கள் 5,000ஐத் தொடவில்லை, ஆனாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது எல்லோருக்கும் கட்டாயம். மூன்றையும் போட்டுவிடுங்கள். டொமைன் வாங்கினால் அரைநாள் வேலை.

கம்பளைக்காரர்

டீச்சருக்கு வணக்கம். நான் சொல்வது தம்பிக்குப் பிடிக்காமல் இருக்கலாம். எதற்கு டொலரில் காசு வாங்கும் வெளிநாட்டுச் சேவை? மாதம் 5 டொலருக்கு ஒரு சிறிய சேர்வர் எடுத்து, அதில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளைப் போட்டு நாமே அனுப்பலாம். எத்தனை ஆயிரம் அனுப்பினாலும் அதே காசு. 2022இல் டொலர் தட்டுப்பாட்டின்போது வெளிநாட்டுச் சந்தா கட்ட முடியாமல் எத்தனை பேர் தவித்தோம்? கையில் இருப்பதை வைத்துச் செய்யப் பழக வேண்டும் என்பது என் எண்ணம்.

ஊவாத்தம்பி | பண்டாரவளை

அண்ணன், அந்தத் தவிப்பு எனக்கும் நினைவிருக்கிறது, அதனால் உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் இந்த வேலைக்கு அது சரிவராது. பெரிய கிளவுட் நிறுவனங்கள் பலவும், சேர்வரில் இருந்து மின்னஞ்சல் வெளியே போகும் வாசலான 25ஆம் போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கின்றன. திறந்த இடத்தில் எடுத்தாலும் உங்களுக்குக் கிடைக்கும் ஐபி முகவரியை (இணையத்தில் சேர்வரின் இலக்கம்) முன்பு வைத்திருந்தவர் என்ன செய்தார் என்பது தெரியாது. அது ஸ்பாம்ஹவுஸ் மாதிரியான தடைப்பட்டியலில் இருந்தால் அவர் செய்த பாவம் நம் தலையில். ஐபியில் இருந்து பெயருக்குப் போகும் பிடிஆர் பதிவும் பொருந்த வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தாலும், இதுவரை ஒரு கடிதமும் அனுப்பாத ஐபி ஒரே நாளில் 1,400 அனுப்பினால் எந்த ஸ்பாம் பில்டரும் சந்தேகப்படும். வீட்டு இணைப்பில் இருந்து நேரடியாக அனுப்புவது இன்னும் மோசம், அந்த ஐபிகளைப் பெரும்பாலும் முன்கூட்டியே பட்டியலில் போட்டிருப்பார்கள்.

இதை முழுநேரமாகக் கவனிக்க ஆள் இருந்தால் சரி. டீச்சர் காலை ஏழு மணிக்குப் பாடசாலைக்குப் போகிறவர்.

கம்பளைக்காரர்

பிடிஆர் விஷயம் சரிதான். எனக்கும் அதில் மூன்று மாதம் போனது, மறைக்கவில்லை. அப்படியானால் சேர்வர் நம்முடையது, அனுப்பும் லொறி மட்டும் வெளிநாட்டுச் சேவைக்காரருடையது என்று வைக்கலாம்தானே?

லிந்துலை மாணவன்

டீச்சர், நான் உங்கள் மடலை வாசிக்கிறவன். இவ்வளவு கஷ்டப்படுவதற்கு வட்ஸ்அப் குழு போடலாமே? எல்லோரும் அதில்தான் இருக்கிறோம்.

கொழுந்துக்கூடை | ஹட்டன்

தம்பி, அதையும் செய்து பார்த்தேன். ஒரு குழுவில் 1,024 பேர்தான். அது கூடப் பரவாயில்லை, இரண்டாகப் பிரிக்கலாம். ஆனால் குழுவில் சேர்ந்தவுடன் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரிகிறது. ஒரே கிழமையில் மூன்று பெண்பிள்ளைகளுக்குத் தெரியாத ஆட்களிடமிருந்து அழைப்பு வந்தது. அவர்களில் ஒருத்தியின் தகப்பன் போனையே வாங்கி வைத்துவிட்டார். அன்றைக்கே குழுவைக் கலைத்தேன். சனல் இப்போது இருக்கிறது, இலக்கம் தெரியாது, அதையும் வைத்திருக்கிறேன். ஆனால் முடிவுத் திகதியைத் தேடி எடுக்க, படிவத்தை அச்செடுக்கக் கடைக்கு அனுப்ப, மின்னஞ்சல்தான் உதவுகிறது. விண்ணப்பமும் மின்னஞ்சல் முகவரியைத்தான் கேட்கிறது. பிள்ளைகள் அதைத் திறந்து பார்க்கும் பழக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் என் ஆசை.

நீலகிரிப் பேத்தி | கோத்தகிரி

நான் இந்தியாவில் இருந்து எழுதுகிறேன். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மஸ்கெலியாவில் இருந்து கப்பல் ஏறி வந்தவர்கள் என் தாத்தா பாட்டி. விண்ணப்பங்கள் எனக்குத் தேவைப்படாது. ஆனாலும் அந்த ஊர்ப் பெயர்களை வாசிப்பதற்காகவே அக்காவின் மடலை வாங்குகிறேன். நேற்று ஸ்பாம் பெட்டியைத் தேடினேன். ஏழு மடல்கள் அங்கே இருக்கின்றன.

கணினியில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி மூல வடிவத்தைப் பார்த்தேன். எஸ்பிஎஃபும் டிகிமும் தேறியிருக்கின்றன. அப்படியென்றால் அடையாளம் சரியாகத்தான் இருக்கிறது, பிரச்சினை உள்ளடக்கத்திலோ பட்டியலிலோ இருக்க வேண்டும். ஏழில் மூன்றில் உள்ளே எழுத்தே இல்லை, ஒரே ஒரு பெரிய படம். மற்ற நான்கில் பாதி தமிழ், பாதி புரியாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். அது என்ன அக்கா?

கொழுந்துக்கூடை | ஹட்டன்

அது பாமினி. இங்கே அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்னும் அந்த எழுத்துருவில்தான் பலர் தட்டச்சு செய்கிறார்கள். எனக்கு வரும் அறிவித்தல்களை அப்படியே ஒட்டிவிடுவேன். என் கணினியில் எழுத்துரு இருப்பதால் எனக்குத் தமிழாகத் தெரிந்தது. அது குழம்புகிறது என்று ஒருவர் சொன்ன பிறகுதான் படமாக மாற்றி அனுப்பத் தொடங்கினேன். இரண்டுமே தவறா?

ஊவாத்தம்பி | பண்டாரவளை

இரண்டுமே, டீச்சர். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். எழுத்துரு இல்லாத போனில் அது குப்பை. பில்டர் கண்ணுக்கும் குப்பை, பொருளில்லாத எழுத்துக் குவியலை அது நல்ல அடையாளமாக எடுக்காது. யூனிகோட்டுக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இருக்கின்றன, மாற்றிவிட்டு ஒருதரம் வாசித்துப் பாருங்கள். கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறி நிற்கும்.

ஒரே படமாக அனுப்பினால் உள்ளே என்ன இருக்கிறது என்று பில்டரால் வாசிக்க முடியாது. ஸ்பாம் அனுப்புகிறவர்கள் பழகிய வழி அது. நோர்வூட்டுக்கு மேலே உள்ள லயங்களில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும், படம் இறங்கவே நேரம் ஆகும்.

இன்னொன்று, தமிழில் அனுப்புகிறவர்கள் கவனிக்காமல் விடுவது. யூனிகோட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். "கு" என்பது நமக்கு ஒரு எழுத்து, கணினிக்கு இரண்டு குறி, 6 பைட். ஆங்கிலத்தைவிடத் தமிழ் மடல் வேகமாகக் கனமாகிவிடும். வேர்டில் எழுதி அப்படியே ஒட்டினால் கூடவே வடிவமைப்புக் குறியீடுகள் மூட்டையாக வரும். ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டில் மடலை வெட்டி, மிச்சத்தைப் பார்க்க வேறு இணைப்பை அழுத்தச் சொல்லும். விலகும் இணைப்பைக் கடைசியில்தானே போடுகிறோம்? அது வெட்டுப்பட்ட பக்கத்தில் போய்விடும். விலக நினைக்கிறவர் வழி தெரியாமல் ஸ்பாம் பட்டனை அழுத்துவார். அதனால் வெறும் எழுத்தாக ஒட்டுங்கள், விலகும் இணைப்பை மேலேயும் ஒருதரம் வையுங்கள்.

அந்தப் பட்டன்தான் எல்லாவற்றிலும் பெரியது. முறைப்பாடு 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1க்குக் கீழே வைத்திருங்கள் என்பது கூகுளின் சொல். 1,400இல் 0.3 சதவீதம் என்றால் நாலு பேர். ஐந்தாவது ஆள் அழுத்தினால் கோடு தாண்டிவிடுகிறது.

அதனால் கேட்கிறேன், இந்த 1,400 முகவரிகள் எப்படிச் சேர்ந்தவை?

கொழுந்துக்கூடை | ஹட்டன்

உண்மையைச் சொல்கிறேன். முதல் 300 பேர் தாங்களே கேட்டவர்கள். மிச்சம் கருத்தரங்குகளில் தாளைச் சுற்றவிட்டு எழுதி வாங்கியவை. ரியூசன் வகுப்பு நடத்தும் ஒருவர் தன் பட்டியலைக் கொடுத்தார், அதில் 400 வரை. நல்ல காரியம்தானே என்று சேர்த்துவிட்டேன்.

ஊவாத்தம்பி | பண்டாரவளை

நோய் அங்கேதான் இருக்கிறது, டீச்சர். எஸ்பிஎஃப், டிகிம் எல்லாம் நீங்கள் யார் என்று காட்டும் அடையாள அட்டை. அட்டை இருப்பதால் வீட்டுக்குள் விடுவார்கள் என்றில்லை.

தாளில் எழுதியதில் எழுத்துப்பிழை இருக்கும். ரியூசன் பட்டியலில் உள்ளவர்கள் உங்களை யாரென்றே அறியமாட்டார்கள், பட்டனை அழுத்துவது அவர்கள்தான். மூன்றாவது வகை நம்ம ஊருக்கே உரியது. ஒன்லைன் விண்ணப்பம் போட பிள்ளை கொமியூனிகேஷன் கடைக்குப் போகும். கடைக்காரர் அங்கேயே ஒரு ஜிமெயில் உண்டாக்கிக் கொடுப்பார். பாஸ்வேர்ட் ஒரு துண்டில். விண்ணப்பம் போனதும் துண்டு தொலைந்துவிடும். அடுத்த விண்ணப்பத்துக்கு இன்னொரு ஜிமெயில். இரண்டு வருடம் யாரும் நுழையாத கணக்கை அழிக்கலாம் என்று கூகுள் 2023 டிசம்பரில் இருந்து நடைமுறைப்படுத்துகிறது. அதனால் உங்கள் பட்டியலில் ஒரு பகுதி ஆளில்லாத வீடு. அங்கே திரும்பத் திரும்பக் கடிதம் போடுகிறவரை, விலைக்கு வாங்கிய பட்டியலை வைத்திருப்பவர் என்றுதான் பில்டர் நினைக்கும்.

கேட்டவர்களை மட்டும் வையுங்கள். மற்றவர்களுக்கு "இந்த மடல் வேண்டுமா? வேண்டுமென்றால் இதை அழுத்துங்கள்" என்று ஒரு கடிதம். பதில் இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

கொழுந்துக்கூடை | ஹட்டன்

தம்பி, இதை என்னால் அவ்வளவு லேசாக ஏற்க முடியவில்லை. மாதத்துக்கு ஒருமுறை டேட்டா போட்டு மின்னஞ்சலைப் பார்க்கிற பிள்ளைதான் என் மடலுக்கு மிகவும் தேவையானவள். கொழும்பில் அலுவலகத்தில் இருப்பவர் உடனே அழுத்திவிடுவார். பதுளுஓயாப் பக்கத்துப் பிள்ளை அழுத்த மாட்டாள். அவளை எடுத்துவிட்டு நான் யாருக்காக இதை நடத்துவது?

நீலகிரிப் பேத்தி | கோத்தகிரி

அக்கா சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் பொகவந்தலாவைப் பிள்ளை உங்களிடம் கேட்டுச் சேர்ந்தவள்தானே? கேட்காத 400 பேருக்கும் போன மடல்தான் அவளுடையதை ஸ்பாமுக்குள் தள்ளியது.

கம்பளைக்காரர்

மகள் சரியாகச் சொன்னாள். டீச்சர், மின்னஞ்சலுக்குப் பதில் வராதவர்களை மின்னஞ்சலில் மட்டும் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு ஆசிரியரைத் தெரியும் உங்களுக்கு. பெயர்ப் பட்டியலைக் கொடுத்து வகுப்பில் கேட்கச் சொல்லுங்கள். கொமியூனிகேஷன் கடைகளில் ஒரு அறிவித்தல் ஒட்டுவோம், கம்பளையில் இருந்து நாவலப்பிட்டி வரை நான் ஒட்டுகிறேன். கடைக்காரரிடமே, பாஸ்வேர்டைப் பிள்ளையின் கொப்பியில் எழுதிக் கொடுக்கச் சொல்லலாம்.

ஊவாத்தம்பி | பண்டாரவளை

அண்ணன் சொன்னது என் யோசனையைவிட நல்லது. அதோடு ஒன்று: டீச்சர், உங்கள் இன்பொக்ஸில் "மெயிலர் டீமன்" (mailer-daemon) என்று தேடுங்கள். இரண்டு வருடமாகத் திரும்பி வந்த கடிதங்கள் அத்தனையும் அங்கே இருக்கும். புதிய சேவைக்குப் போகும் முன் அந்த முகவரிகளை நீக்குங்கள். செத்த முகவரிகளோடு போனால் புதுக் கணக்கும் முதல் அனுப்பிலேயே மாட்டிக்கொள்ளும். மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் அமேசன் எஸ்இஎஸ் என்ற சேவை, திரும்பி வரும் கடிதங்கள் 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது, 10ஐத் தாண்டினால் நிறுத்தி வைக்கவும் கூடும்.

செலவு பற்றி. அந்த எஸ்இஎஸ் ஆயிரம் கடிதத்துக்கு 10 சென்ட். 1,400 பேருக்கு மாதம் இருமுறை என்றால் 28 சென்ட், டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 84 ரூபாய். ஆனால் அது லொறி மட்டும். பட்டியலை நிர்வகிக்க மென்பொருள் வேண்டும். லிஸ்ட்மொங்க் இலவசம், திறந்த மூலம், இந்தியாவில் எழுதப்பட்டது, நன்றாக இருக்கிறது. ஆனால் விலகும் இணைப்பு எந்த நேரமும் வேலை செய்ய வேண்டும் என்பதால் மடிக்கணினியில் ஓட்ட முடியாது, சேர்வர் வேண்டும். 5 டொலர் அங்கே போய்விடும், உங்கள் 1,500 ரூபாய் முடிந்தது. தொடக்கத்தில் எஸ்இஎஸ் நாளுக்கு 200 கடிதம்தான் விடும், அதுவும் நீங்கள் உறுதிசெய்த முகவரிகளுக்கு மட்டும். எல்லையை உயர்த்த விண்ணப்பிக்க வேண்டும். சம்மதம் எப்படி வாங்குகிறீர்கள், விலகுகிறவரை எப்படி நீக்குகிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள்.

பிரெவோ என்று முன்பு சென்டின்புளூ என்ற பெயரில் இருந்த சேவை, நாளுக்கு 300 கடிதம் இலவசம். உறுதிப்படுத்தும் கடிதமும் விலகும் இணைப்பும் அதிலேயே இருக்கின்றன. பட்டியல் 600க்குள் வந்தால் இரண்டு நாளில் முடியும். டொமைனுக்கு மட்டும்தான் காசு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதில்தான் தொடங்குவேன்.

டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதற்குள்ளேயே புதியதைச் சேருங்கள். இரண்டு வரி இருந்தால் இரண்டும் செல்லாது, பலர் தடுக்கி விழும் இடம் இது.

லிந்துலை மாணவன்

இலவசச் சுருக்க இணைப்புகளையும் விடச் சொல்லுங்கள் அண்ணா. எங்கள் கணினிப் பாட ஆசிரியர், அவை எங்கே போகும் என்று தெரியாததால் பில்டருக்குப் பிடிக்காது என்றார்.

ஊவாத்தம்பி | பண்டாரவளை

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. வர்த்தமானியின் முழு இணைப்பையே கொடுங்கள். பிடிஎஃப் கோப்பை ஒட்டி அனுப்பவும் வேண்டாம். சம்மதம் கேட்பது பில்டருக்காக மட்டும் இல்லை, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. வாசகர் எந்த நாளில் எப்படிச் சம்மதித்தார் என்று ஒரு பதிவு வைத்திருங்கள்.

கொழுந்துக்கூடை | ஹட்டன்
*(ஏழு கிழமைக்குப் பின்)*

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்ல வந்தேன். திரும்பி வந்த கடிதங்களைத் தேடினால் 260 முகவரி செத்தவை. ரியூசன் பட்டியலை முழுதாக எடுத்துவிட்டேன், மனம் கேட்காவிட்டாலும். டொமைன் வாங்கி, தம்பி போனில் சொல்லச் சொல்ல மூன்று வரியையும் போட்டேன். எஸ்பிஎஃப் இரண்டு வரி என்ற பிழையை நானும் விட்டேன், அன்றைக்கே திருத்தினோம். மிச்சமிருந்தவர்களுக்குச் சம்மதம் கேட்டு மூன்றுமுறை, பத்து நாள் இடைவெளியில் எழுதினேன். தலைப்பில் "அவசரம்" என்றும் ஆச்சரியக்குறிகளும் போடும் பழக்கத்தை விட்டேன்.

அழுத்தியவர்கள் 471 பேர். பிறகு ஆசிரியர்கள் மூலமும் கடைகளில் ஒட்டிய அறிவித்தல் மூலமும் 121 பேர் புதிதாக, தங்கள் கையால் சேர்ந்தார்கள். மொத்தம் 592. சனிக்கிழமை 300, ஞாயிறு மிச்சம். பதுளுஓயாப் பிள்ளைகள் ஒன்பது பேர் இருக்கிறார்கள், பெயரைப் பார்த்து எண்ணினேன். வரவேற்புக் கடிதத்தில், "கிடைத்தால் 'சரி' என்று ஒரு சொல் பதில் எழுதுங்கள்" என்று கேட்டிருந்தேன். 200க்கு மேல் "சரி" வந்தது. சிலர் கூடவே ஊர்ப் பெயரையும் எழுதியிருந்தார்கள்.

பொகவந்தலாவைப் பிள்ளையின் போனில் முதன்மைப் பெட்டியிலேயே வந்தது, படம் எடுத்து அனுப்பினாள். அடுத்த ஆட்சேர்ப்புக்கு அவளோடு உட்கார்ந்து நானே படிவத்தை நிரப்பப் போகிறேன்.

நீலகிரிப் பேத்தி | கோத்தகிரி

எனக்கும் வந்தது அக்கா. முழுக்கத் தமிழில், ஒரு எழுத்தும் சிதறாமல். பாட்டிக்கு மஸ்கெலியா என்ற இடத்தை இரண்டுமுறை வாசித்துக் காட்டினேன்.

கம்பளைக்காரர்

நாவலப்பிட்டி பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒட்டிய அறிவித்தல் மழையில் நனைந்துவிட்டது. புதிதாக 20 அச்செடுத்து வைத்திருக்கிறேன் டீச்சர், வெள்ளிக்கிழமை கொண்டுபோகிறேன்.